ஒன்பது நாள் பெயர்

அன்றைக்கு அந்த வாசலில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஒர்க் இன்ஸ்பெக்டர் விருபண்ணா, வேப்பமர நிழல் முழுசாக விழுகிற இடம் பார்த்து, வீட்டிலிருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே, கவிழ்த்த சிமெண்டுத் தொட்டியின் மேல், அடுத்த மதகைத் திறந்து மூடும் லஸ்கர் பந்தேநவாஸ். மடியில் ஒரு பலகை, பலகையில் வெள்ளைத்தாள், காலடியில் சணல் கயிறு கட்டிய ஒரு காகிதக் கட்டு. வாசற்படிக் கல்லில் வீட்டுக்காரன் முதுகப்பா, மடங்காத இடது காலை நேரே நீட்டிக்கொண்டு. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்தபடி சங்கரம்மா, வாயில் புகையிலை. ஐந்தாவது ஆள் முதுகப்பாவின் மனைவி ஹுலிகெம்மா. அவள் அடுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அந்த இடத்திலிருந்து நான்கு பேர் முகமும் தெரிந்தது. அவள் முதுகுக்குப் பின்னால், ஐம்பது எட்டில், கால்வாய் போய்க்கொண்டிருந்தது.

மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. கேம்ப் என்று அழைக்கிற பக்கத்து ஊர்த் தபாலாபீசில் ரிஜிஸ்டர் தபால் வாங்குவது இரண்டு மணி வரைக்கும்தான். நோட்டீசுக்குப் பதில் அனுப்பக் கால்வாய் ஆபீஸ் கொடுத்த பதினைந்து நாளில் இன்றைக்குத்தான் கடைசி நாள்.

விருபண்ணா முதல் ரொட்டியைத் தின்று முடித்துவிட்டு விரலில் ஒட்டியிருந்த கடலைப்பொடியை நக்கினார். "கை மணம் உனக்கு அப்படியே இருக்கு ஹுலிகெம்மா. இன்னொண்ணு வை."

அவள் தட்டில் இன்னொன்றைப் போட்டாள். வீட்டுக்கு வந்தவன் எவனாக இருந்தாலும் தட்டை நீட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். போட்ட வேகத்தில் தட்டுதான் கொஞ்சம் குதித்தது.

"மறுபடி படி பந்தே," என்றாள். "அவரு சாப்பிடட்டும். நீ படி."

பந்தேநவாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். பத்தாவது வரைக்கும் படித்தவன். கிளைக் கால்வாய் முழுக்க லஸ்கர்களுக்கு மனு எழுதுவது அவன்தான். தேதியை வலது மூலையில் போட்டு அடியில் கோடு இழுக்காமல் எந்தக் காகிதத்தையும் தொடங்க மாட்டான். ஆபீஸ் நோட்டீசை அவன் படித்தான்: கோர்ட் உத்தரவுப்படி பத்து வருஷம் இடைவிடாமல் வேலை செய்த தினக்கூலிகளை நிரந்தரம் செய்யப் பரிசீலித்தோம். மதகு லஸ்கர் முதுகப்பாவின் வேலை இடைவிடாத வேலை இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒன்பது நாள் அவர் வேலைக்கு வரவில்லை. அந்த நாட்களில் ஹுலிகெம்மா என்ற வேறொரு தொழிலாளி வேலை செய்ததாக, ஆள்வருகையும் கூலியும் எழுதும் மஸ்டர் ஏட்டில் இருக்கிறது. ஆகவே கோரிக்கை தள்ளப்படுகிறது. ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள்...

"வேறொரு தொழிலாளி!" சங்கரம்மா புகையிலையைத் துப்பினாள். "ஒரே பாயில படுக்கிறவ வேறொரு தொழிலாளியாம்."

"கோர்ட்டுக்குப் பாயெல்லாம் தெரியாதும்மா," என்றார் விருபண்ணா. "காகிதம்தான் தெரியும். நான் என்ன செய்ய? மேல இருந்து அப்படித்தான் சொன்னாங்க. ஒரே பேரு நூத்தி எண்பது நாளத் தொடக் கூடாது, தொட்டா நிரந்தரம் கேப்பான், நடுவுல ஒடைன்னாங்க. ஒடைச்சேன். ஆளைத் துரத்தினேனா? முதுகப்பா, உன் பொண்டாட்டி பேர எழுதி அந்த ஒம்பது நாள் கூலியையும் இதே வீட்டுக்குத்தானே குடுத்தேன்? வேற இன்ஸ்பெக்டரா இருந்தா அவன் மச்சினன் பேர எழுதியிருப்பான்."

"உனக்குக் கும்பிடு போடச் சொல்றியா?" என்றாள் ஹுலிகெம்மா.

"ஏய்," என்றான் முதுகப்பா, படியிலிருந்து. "மெதுவா."

"மெதுவாப் பேசித்தான் இருபத்திரண்டு வருஷம் போச்சு."

விருபண்ணா தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். கூடவே மை டப்பா ஒன்றையும் எடுத்து நாற்காலிக் கையில் வைத்துத் திறந்தார். ஊதா மை வெயிலில் மினுமினுத்தது. "சண்டைக்கு வரல நான். ஒரு வழி சொல்ல வந்தேன். முதுகப்பா, இது காண்ட்ராக்டர் காகிதம். எனக்கு ஆட்சேபம் இல்லை, காண்ட்ராக்டர் கீழ லஸ்கரா வேலை செய்யச் சம்மதம்னு இருக்கு. இதுல ரேகை வை. அறுபது வயசு வரைக்கும் இந்த மதகு உனக்கு, இந்த வீடும் உனக்கு. வைக்கலையா, திங்கக்கிழமை காலையில மதகுச் சாவிய என்கிட்ட குடுத்துட்டு வீட்டைக் காலி பண்ணணும். ஆள் ரெடியா இருக்கான்."

மதகுச் சாவி வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்றது. கை நீளத்துக்கு வளைந்த இரும்புக் கம்பி. நடுவில் பிடித்துப் பிடித்து வெள்ளிபோல் வழுவழுப்பாகியிருந்தது. அதை மாட்டிச் சுற்றினால்தான் ஷட்டர் ஏறும், இறங்கும். பதினோரு கிராமத்து நெல்லுக்கும் தண்ணீர் அந்தக் கம்பி வழியாகத்தான் போனது.

"என் வீட்டுக்காரரும் அதுலதான் ரேகை வச்சாரு," என்றாள் சங்கரம்மா.

அவள் புருஷன் சண்ண யல்லப்பா மூன்று வருஷத்துக்கு முன்னால் காண்ட்ராக்டர் காகிதத்தில் ரேகை வைத்தவன். நாலாம் மாதம், பாலத்தூணில் அடைத்த ஆகாயத்தாமரையை இழுக்க இறங்கியவனைக் கால்வாய் எடுத்துக்கொண்டது. இரண்டு மைல் கீழே, பந்தேநவாஸின் மதகுக் கம்பியில்தான் உடம்பு வந்து தங்கியது. இடுப்பில் பாசியோடு அவனை மேலே தூக்கியவன் பந்தேநவாஸ்.

"பொணத்தை வச்சுக்கிட்டு ஆபீசுக்குப் போனேன். காண்ட்ராக்டரைக் கேளுன்னாங்க. காண்ட்ராக்டர்கிட்ட போனேன். அந்த மாச லிஸ்டுல அப்படி ஒரு பேரே இல்லன்னான். அப்போ தண்ணியில எறங்கினது யாருடான்னு கேட்டேன். குளிக்க எறங்கியிருப்பான்னான்." அவள் விருபண்ணாவைப் பார்த்தாள். "கோவணத்துல ஆபீஸ் அரிவாளச் சொருகிக்கிட்டு எவன்யா குளிக்க எறங்குவான்?"

"அது வேற காண்ட்ராக்டர்," என்றார் விருபண்ணா.

"ஆமா. தண்ணி மட்டும் அதேதான்."

முதுகப்பா மை டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் போகிற இடத்தை ஹுலிகெம்மா பார்த்தாள். ரொட்டி மாவை உருட்டிக் கல்லில் அறைந்தாள்.

பந்தேநவாஸ் தொண்டையைச் செருமினான். "அவசரப்படாதீங்கண்ணா. நான் ஒண்ணு கண்டுபிடிச்சு வச்சிருக்கேன்."

காகிதக் கட்டை அவிழ்த்தான். தகவல் கேட்கிற சட்டத்தில் மனுப் போட்டு, ஏழு மாதம் நடந்து, இருபத்திரண்டு வருஷத்து மஸ்டர் ஏட்டுக்கும் அவன் நகல் வாங்கியிருந்தான். வருஷ வாரியாக அடுக்கி, ஒன்பது நாள் பக்கங்களில் மட்டும் சிவப்பு நூல் கோத்திருந்தான்.

"அண்ணா, உங்க வலது கட்டைவிரலக் காட்டுங்க."

முதுகப்பா காட்டினான். விரல் நுனியின் குறுக்கே ஒரு தழும்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஷட்டரின் பல்சக்கரம் கடித்தது.

"உங்க ரேகையில எல்லாம் இந்தத் தழும்பு வெள்ளைக் கோடாத் தெரியுது. பாருங்க, முதுகப்பா, முதுகப்பா, முதுகப்பா. எல்லாத்துலயும் கோடு. இப்போ இந்த ஒம்பது நாள் பக்கத்தப் பாருங்க. பேரு ஹுலிகெம்மா. ரேகை?"

ஹுலிகெம்மா மாவுக் கையோடு எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். தன் பெயர் என்று அவன் காட்டிய எழுத்துக்குப் பக்கத்தில், குறுக்கே வெள்ளைக் கோடு போட்ட ரேகை.

"அக்கா பேருல ரேகை வச்சது அண்ணா. அப்போ அந்த ஒம்பது நாளும் மதகுல நின்னது யாரு? அண்ணாதான். லென்ஸ் வேணாம், சோதனை வேணாம். கண்ணிருக்கிற எவனும் பார்க்கலாம்."

நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஒன்பது நாள் வந்தால் விருபண்ணா பைக்கைக் கரையில் நிறுத்தி, இறங்காமலே ஏட்டை நீட்டுவார். 'பொண்டாட்டிய எதுக்குக் கூப்பிட்டுக்கிட்டு? நீயே வை, எந்த விரலா இருந்தா என்ன' என்பார். முதுகப்பாவும் வைப்பான். இந்தக் கால்வாய்க் கரையில் ரேகை என்பது கூலி வாங்குவதற்கு வைக்கிற மை. அது ஒருத்தனை ஒருத்தனாகக் காட்டும் என்று அவர்களில் யாரும் நினைத்ததில்லை, விருபண்ணாவும்தான்.

விருபண்ணா பக்கத்தை வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்தார்.

"பந்தேசாப், நீ வக்கீலுக்குப் போயிருக்கணும். ஆனா இத அனுப்பினா என்ன ஆகும்னு சொல்லட்டுமா? ஒருத்தன் பேருல இன்னொருத்தன் ரேகை வச்சா அதுக்குப் பேரு ஃபோர் ட்வென்ட்டி. முதுகப்பாவுக்கு நிரந்தரம் கிடைக்கும், ஜெயில்ல."

"வைக்கச் சொன்னது நீ!" என்றாள் ஹுலிகெம்மா.

"எழுத்துல இருக்கா?"

"ஹுலிகெவ்வா அம்மன் கோயில்ல வந்து கற்பூரத்த அணைச்சுச் சொல்லு, நீ சொல்லலன்னு."

"கோயில் வேற, ஆபீஸ் வேற." அவர் குரல் தணிந்தது, தணிந்த குரல்தான் மோசமாக இருந்தது. "இன்னொண்ணும் இருக்கு. வெள்ளம் வந்த வருஷம். அந்தக் கட்டுல அந்த வருஷத்த எடு பந்தேசாப். ஏன் அடியில வச்சிருக்க?"

பந்தேநவாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"எடுக்க மாட்டான். ஏன்னா அதுல முதுகப்பா பேருக்கு நேரே ஏழு மாசம் கோடு இல்லாத ரேகை. அந்த ஏழு மாசம் இவன் கால் முறிஞ்சு கட்டில்ல கிடந்தான். மதகத் திருப்பினது இவ. ரேகையும் இவளுது. ரேகையப் பாருன்னு நீங்க கேட்டா, நானும் பாருங்கன்னு சொல்வேன். முழுசாப் பாருங்கன்னு. அப்போ இடைவெளி ஒம்பது நாளா, ஏழு மாசமா?"

கல்லில் கிடந்த ரொட்டி கருகி மணத்தது. ஹுலிகெம்மா அதை எடுக்கவில்லை.

"அந்த வருஷத்த விட்டுடலாம்க்கா," என்றான் பந்தேநவாஸ், மெல்ல. "ஒம்பது நாள் பக்கத்த மட்டும் அனுப்புவோம். அவங்களாத் தோண்டினாப் பார்த்துக்கலாம்."

"தோண்டுவேன்," என்றார் விருபண்ணா.

முதுகப்பா படியில் கையூன்றி எழுந்தான். காலை இழுத்தபடி இரண்டு எட்டு வைத்து நாற்காலிப் பக்கம் வந்தான். "குடுங்க சார் அந்தக் காகிதத்த. போதும். வீடாவது மிஞ்சட்டும்."

அவன் மைக்கு விரலைக் கொண்டுபோவதற்குள் ஹுலிகெம்மா டப்பாவை எடுத்துவிட்டாள். மாவும் மையும் கையில் கலந்தன.

"உக்காருங்க," என்றாள் புருஷனிடம். "உங்ககிட்ட எனக்கு வேற கேள்வி இருக்கு. கால் முறிஞ்ச வருஷம் மதகத் திருப்பினது யாருன்னு ஊர்ல கேட்டா என்ன சொல்வீங்க?"

அவன் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டான்.

"கட்டையக் கட்டிக்கிட்டு நொண்டி நொண்டி நானே திருப்பினேன்னு சொல்வீங்க. டீக்கடையில சொல்லியிருக்கீங்க. என் தம்பிகிட்ட சொல்லியிருக்கீங்க. நான் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். பொம்பள தண்ணி விட்டான்னு சொன்னா மானம் போயிடும்னு. சரி, ஆம்பள, இருக்கட்டும்னு விட்டேன். இப்போ அந்த ஏழு மாசத்த இவரு கையில எடுத்துக்கிட்டு நம்மள அடிக்கிறாரு."

அவள் விருபண்ணா பக்கம் திரும்பினாள்.

"அந்த ஏழு மாசம் ஒரு நாள் இந்த மதகு ஆளில்லாம இருந்துச்சா? சொல்லுய்யா. கார்த்திகை மாசம், உச்சி வெயில்ல, கடைமடையில இருந்து நாப்பது பேரு மண்வெட்டியோட வந்தாங்க, ஷட்டரத் தூக்குன்னு. தூக்கினா கீழ கரை உடையும். நான் சக்கரத்து மேலயே ஏறி உக்காந்தேன். என் தலைமயிரப் பிடிச்சு ஒருத்தன் இழுத்தான். சாவியச் சேலைக்குள்ள கட்டியிருந்தேன். மூணே கால் அடியில நின்ன தண்ணி மூணே கால் அடியிலதான் இருந்துச்சு. நீ மூணு மணிக்கு வந்து அளவு எழுதிக்கிட்டுப் போனியே. 'சபாஷ் முதுகப்பா'ன்னு என் மூஞ்சியப் பார்த்துச் சொன்னியே. மறந்துபோச்சா?"

"யாரு இல்லன்னா..."

"நீயும் இதே கரையில மண்ணு வெட்டினவன்தானே? பழைய பேட்ச்சுல உன்ன நிரந்தரம் பண்ணினாங்களே, உன் மஸ்டர எவனாவது ஒம்பது ஒம்பது நாளா ஒடைச்சானா? ஒடைச்சிருந்தா இன்னைக்கு இந்த நாற்காலியில உக்காந்து என் ரொட்டியத் தின்பியா?"

விருபண்ணா வாயைத் துடைத்துக்கொண்டார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

"பந்தே, எழுது," என்றாள் ஹுலிகெம்மா. "ஒண்ணையும் விடாத. வெள்ளம் வந்த வருஷத்தையும் மேல வை."

"அக்கா, ஃபோர் ட்வென்ட்டின்னு..."

"அதையும் எழுது. வேற ஆள் பேருல ரேகை வச்சோம், ஒர்க் இன்ஸ்பெக்டர் விருபண்ணா வைக்கச் சொல்லி வச்சோம், எத்தனை தடவைன்னு எண்ணி எழுது. இது குத்தம்னா எங்களப் பிடிச்சுக்கிட்டுப் போங்க, ஏட்ட நீட்டினவரையும் பக்கத்துல உக்கார வைங்கன்னு எழுது. இருபத்திரண்டு வருஷமா இந்த மதகு ஒரு நாள் ஆளில்லாம இருந்ததில்ல. பேர ஒடைச்சது அவங்க. நாங்க வேலைய ஒடைக்கல."

பந்தேநவாஸ் பேனா மூடியைத் திறந்தான். எழுதவில்லை. முதுகப்பாவைப் பார்த்தான். "அண்ணா சொல்லணும்க்கா. மனு அண்ணா பேருல போகுது."

முதுகப்பா மதகுச் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றான். கால்வாய்க்கு அந்தப் பக்கம் யாரோ எருமையை அதட்டும் சத்தம் கேட்டது.

"எழுது," என்றான். "ஏழு மாசம் நான் கட்டில்ல கிடந்தேன். எழுந்து ஒண்ணுக்குப் போகக்கூட முடியல. மதகத் திருப்பினது என் பொண்டாட்டி. ஒரு நாள்கூட நான் திருப்பல." பிறகு விருபண்ணாவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்: "ஒரு நாள்கூடத் திருப்பல சார். போய்ச் சொல்லுங்க."

"அப்படிப் போடு!" என்றாள் சங்கரம்மா.

பந்தேநவாஸ் வலது மூலையில் தேதி போட்டு அடியில் கோடு இழுத்தான். பத்தி பத்தியாக எண் போட்டு எழுதினான். நாற்பத்து மூன்று ஒன்பது நாட்களையும் தேதியோடு எழுதினான். வெள்ளம் வந்த வருஷத்துப் பக்கங்களைப் புரட்டும்போது கை நின்றது.

"அக்கா, இங்க வாங்க. இத நான் கவனிக்காம விட்டுட்டேன். அந்த ஏழு மாசத்துக்கு நடுவுலயும் ஒரு ஒம்பது நாள் வந்திருக்கு. பேரு ஹுலிகெம்மா. ரேகை கோடு இல்லாதது. உங்க ரேகை."

அவள் குனிந்தாள்.

"இந்த ஏட்டுலயே உங்க பேருக்கு நேரே உங்க விரல் இருக்கிறது இந்த ஒரே இடம்தான்."

ஹுலிகெம்மா அந்தப் பக்கத்தின் மேல் விரலை வைத்தாள். ஒன்பது கட்டங்கள். ஒன்பது சின்ன மைச் சுழிகள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த ஆபீஸ் அவளைப் பற்றிச் சொன்ன உண்மை அவ்வளவுதான். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. பல்லைக் கடித்தாள்.

"இந்தப் பக்கத்த முதல்ல வை," என்றாள்.

கடிதத்தின் அடியில் இரண்டு பேரும் ரேகை வைத்தார்கள், விருபண்ணா கொண்டுவந்த மையிலேயே. கோடு போட்டது ஒன்று, போடாதது ஒன்று. எதன் கீழே யார் பெயர் என்று பந்தேநவாஸ் எழுதினான். சாட்சி என்று சங்கரம்மா தானாகவே விரலை நீட்டினாள்.

"என் மை," என்றார் விருபண்ணா.

"எங்க ரொட்டி," என்றாள் சங்கரம்மா.

விருபண்ணா எழுந்தார். "திங்கக்கிழமை வருவேன். சாவி வேணும்."

ஹுலிகெம்மா கடிதமும் பக்கங்களும் போட்ட உறையின் வாயில் தடவ, ரொட்டிக்குக் காய்ச்சிய சோளக் கஞ்சியை ஒரு விரலில் எடுத்தாள். மடித்து அழுத்தினாள். பிறகு சுவரில் சாய்ந்திருந்த மதகுச் சாவியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"தபாலாபீசுக்கு எதுக்குடி அது?" என்றான் முதுகப்பா.

"நான் திரும்பி வரும்போது இது இங்க இருக்கும்னு எனக்கு நம்பிக்கையில்ல."

கேம்புக்குக் கரையோடு ஒன்றரை மைல். தார் இல்லாத கரிசல் பாதை வெயிலில் வெடித்துக் கிடந்தது. ஒரு கையில் உறை, தோளில் இரும்பு. நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். விருபண்ணாவின் பைக் பின்னாலிருந்து வந்து, அவளைத் தாண்டாமல் சிறிது தூரம் கூடவே உருண்டு, பிறகு புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. அவள் நடையைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

தபாலாபீசில் மணி ஒன்று ஐம்பது. போஸ்ட் மாஸ்டர் வெங்கட ராவ் ஜன்னலை இழுத்துச் சாத்தப் போனவர் கம்பியைப் பார்த்துக் கையை எடுத்தார்.

"யம்மா, என்ன இது? அடிக்க வந்தியா?"

"ரிஜிஸ்டர் தபால்."

கஞ்சி இன்னும் சரியாக உலரவில்லை. உறையின் ஒரு மூலை வாய் பிளந்திருந்தது. அவள் அதை ஜன்னல் பலகையில் வைத்து, மதகுச் சாவியை மேலே படுக்கவைத்து, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு நின்றாள். வெங்கட ராவ் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ரசீதுப் புத்தகத்தை எடுத்தார்.

"அனுப்புறவங்க பேரு?"

"முதுகப்பா. ஹுலிகெம்மா."

"ஒரு பேருதான் எழுத இடம் இருக்கு."

"இடத்த உண்டாக்கிக்கங்க," என்றாள் அவள்.

அவர் முதல் பெயரை எழுதி, கோட்டுக்கு மேலே பொடி எழுத்தில் இரண்டாவதையும் எழுதினார். அவள் கம்பியை எடுத்தாள். உறை ஒட்டியிருந்தது. வெங்கட ராவ் முத்திரையை ஓங்கிக் குத்தினார், ஒருமுறை, இரண்டுமுறை. உறையைச் சாக்கில் போட்டார். சாக்கின் வாயைச் சுருக்கிக் கயிறு கட்டினார். கட்டி முடியும் வரைக்கும் ஹுலிகெம்மா அங்கேயே நின்று பார்த்தாள். பிறகு சாவியைத் தோளுக்கு ஏற்றினாள். மூன்று மணிக்குத் தண்ணீர் அளவு பார்க்க வேண்டும்.